கிள்ளான் அச்சகத்தில் தமிழ் திறக்காத விஜயதசமி

இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெறுகிற ஒருவனை நீங்கள் இதற்கு முன் பார்த்திருக்க மாட்டீர்கள். வெள்ளிக்கிழமையோடு என் சர்வீஸ் பையை உங்கள் மூவரிடமும் ஒப்படைக்கிறேன். திங்கள் முதல் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறேன். "சும்மா கை குடுத்துட்டுப் போயிடாத. புதுசா வந்தவங்களுக்கு உருப்படியா எதையாச்சும் எழுதி வச்சிட்டுப் போ லா," என்று நம் பாஸ் சொன்னார். அவர் நினைத்தது கேபிள், கார்டு, டிஸ்க் பற்றிய குறிப்புகளாக இருக்கும். அதெல்லாம் பெட்டியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் எழுதுவது புத்தகத்தில் இல்லாதது.

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டுத் தரச் சொல்லி இப்போது நிறைய பேர் கேட்கிறார்கள். பல வருடம் பழகிய டாஸ் புரோகிராமை விட அவர்களுக்கு மனம் வராது. பக்கத்துக் கடையில் பார்த்த விண்டோஸ் 95-ம் வேண்டும். புது மெஷின் வாங்கக் கை வராது. எப்படிப் போடுவது என்பதை ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்வீர்கள். போட்ட பிறகு அந்த மெஷினைச் சுற்றி மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் நாள் ஆகும்.

எனக்கு இந்த விஷயம் சட்டென்று புரிந்ததற்குக் காரணம் படிப்பு இல்லை, வீடு. அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி, நாங்களும் இன்னொரு குடும்பமும் இருந்தோம். வாசல் ஒன்றுதான். உள்ளே வந்ததும் இடப்பக்கம் திரும்பினால் எங்கள் வீடு, வலப்பக்கம் திரும்பினால் அவர்கள் வீடு. அவர்கள் மீன் குழம்பு வாசனை பலகையைத் தாண்டி வரும், அவர்கள் வர மாட்டார்கள். எங்கள் வீட்டில் பள்ளியின் ஐந்தாம் படிவத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான்தான். "படிச்சு என்ன வேலடா பாக்குற?" என்று அப்பா கேட்டபோது, "நம்ம வீட்டு மாதிரிதான்பா. ஒரு பெட்டி, ஒரு வாசல், உள்ள ரெண்டு குடும்பம். ஒருத்தர் முழிச்சிருக்கறப்ப இன்னொருத்தர் தூங்கணும், அவ்வளவுதான்" என்றேன். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப வாசல் கதவை யாரு தொறக்கறதுன்னு சண்டை வருமே?" என்றார்.

வந்தது. கிள்ளானில்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையை ஒட்டிய ஒரு சந்தில் மாணிக்கம் அண்ணனின் அச்சகம் இருக்கிறது. கீழே அச்சு எந்திரம், மாடியில் கம்ப்யூட்டர். அந்த வட்டாரத்தில் தமிழ்க் கல்யாணம் என்றால் பத்திரிகை அங்கேதான். மாடியில் தமிழ் அச்சுக்கோர்ப்பு ராஜி அக்கா. டாஸில் ஓடும் ஒரு பழைய தமிழ் புரோகிராமில் கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பார். அதற்குப் பக்கத்து நாற்காலியில் மாணிக்கம் அண்ணனின் மகன் முரளி. கல்லூரி முடித்துவிட்டு வந்து, இனிமேல் எல்லாம் கலர், எல்லாம் விண்டோஸ் என்று பிடிவாதமாக நின்றான். தமிழ் புரோகிராமோ விண்டோஸ் 95-க்குள் ஓட மறுத்தது. இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்.

நான் போய் டிஸ்கை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியில் டாஸும் தமிழும், மறு பாதியில் விண்டோஸ். மெஷினைப் போட்டதும் ஒரு சின்ன பட்டியல் திரையில் வரும். எண்ணை அமுக்கினால் அந்தப் பக்கம் திறக்கும். யாரும் எதையும் அமுக்காவிட்டால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முதலில் இருப்பதைத் தானாகத் திறந்துகொள்ளும். முரளி ஆர்வக் கோளாறில் எதையாவது அழித்துவிடக் கூடாது என்பதற்காக, விண்டோஸிலிருந்து பார்த்தால் தமிழ்ப் பக்கம் கண்ணுக்கே தெரியாதபடி ஒளித்தும் வைத்தேன்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எது முதலாவது என்று நான் கேட்கும் வரைக்கும்.

"விண்டோஸ்," என்றான் முரளி.

"தமிழ்," என்றார் ராஜி அக்கா.

"அக்கா, காலையில மெஷினைத் தட்டி விட்டுட்டு நான் தே தாரிக் குடிக்கப் போவேன். திரும்பி வரும்போது விண்டோஸ் ரெடியா இருக்கணும்."

"நீ தே குடிக்கறதுக்காகத் தமிழ் பின்னால நிக்கணுமா? நல்லா இருக்குடா நியாயம்!"

நான் என் டிப்ளோமா மூளையை வைத்துத் தீர்ப்பு சொன்னேன். மெஷினைக் காலையில் முதலில் போடுகிறவன் முரளி, ஆகவே விண்டோஸ் 1, தமிழ் 2. ராஜி அக்கா எல்லோருக்கும் தேநீர் கலக்கிக் கொண்டுவந்தார். என் தேநீரில் மட்டும் அன்று சர்க்கரை இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நீங்கள் ஒரு மெஷினில் இரண்டு சிஸ்டம் போடும்போது யாரையோ ஒருவரை இரண்டாவது ஆக்குகிறீர்கள். அது தொழில்நுட்பம் இல்லைதான். ஆனாலும் அது எங்கேயாவது போய் நிற்கும். என் விஷயத்தில் அது எங்கே போய் நின்றது என்று சொல்கிறேன்.

புரட்டாசியில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் ஐப்பசிக் கல்யாணங்கள் எல்லாம் ஒன்றாக வந்து விழும். சரியாக அந்த நேரத்தில்தான் ஆயுத பூஜையும் வரும். அந்த வருடம் ஐப்பசியில் மாணிக்கம் அண்ணனின் மகளுக்கே கல்யாணம். ஊரில் உள்ளவர்களின் பத்திரிகையை எல்லாம் அடித்துக் கொடுத்துவிட்டு, சொந்த மகளின் பத்திரிகையை மட்டும் அவர் நிறுத்தி வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு மறுநாள் விஜயதசமி. அன்றைக்குத் தொடங்குகிற வேலை நிறைவாக நடக்கும் என்று நம் ஆட்களுக்கு நம்பிக்கை. ராஜி அக்கா பத்திரிகையை முன்கூட்டியே கோர்த்து முடித்துத் தமிழ்ப் பக்கத்தில் வைத்துவிட்டார். விஜயதசமி காலையில் லேசர் பிரிண்டரில் எடுத்து, அச்சுக்கான பிளேட் போட்டு, எந்திரத்தில் ஓடும் முதல் வேலை அதுவாக இருக்க வேண்டும். அன்று சாயங்காலம் ஈப்போவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து அவர்களுடைய பங்குப் பத்திரிகைகளை வாங்கிக்கொண்டு போவார்கள். ஏற்பாடு அதுதான்.

விஜயதசமி அன்று காலை, நான் கடையில் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"தம்பி, தமிழ் தெறக்க மாட்டேங்குது," என்றார் மாணிக்கம் அண்ணன். அவர் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை. "எத அமுக்கினாலும் விண்டோஸுக்கே போய் நிக்குது. மாப்பிள்ள வீட்டு ஆளுங்க ஈப்போவுலேருந்து கெளம்பியாச்சாம். கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஃபெடரல் ஹைவேயில் போனேன். வழி முழுக்க லோரிகளின் முகப்பில் மாலை, வாழைக்கன்று, திருநீற்றுப் பட்டை. சிக்னலில் என் பக்கத்தில் நின்ற பஸ்ஸின் நெற்றியில்கூடச் சந்தனம். நான் எதையும் கவனிக்கவில்லை. எனக்கு இதெல்லாம் வருடா வருடம் பார்த்த காட்சி. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடி ஏறும்போதே சண்டை கேட்டது.

"முந்தாநேத்து ராத்திரி பாசார் மாலாம் சந்தையில வாங்கின கேம் சீடியைப் போட்டது யாரு? நானா?" இது ராஜி அக்கா.

"கேம் போட்டா விண்டோஸ்தான் கெடணும். விண்டோஸ் நல்லாத்தான இருக்கு! உங்க அரதப் பழசு புரோகிராம் தானாவே செத்துப் போச்சு. நான் அப்பவே சொன்னேன், ரெண்டும் ஒண்ணா இருக்காதுன்னு."

"வாய மூடுறா. உன் தங்கச்சி கல்யாணப் பத்திரிகடா அதுக்குள்ள இருக்கு."

நான் உள்ளே நுழைந்ததும் முரளி நாற்காலியை விட்டு எழுந்து எனக்கு இடம் விட்டான்.

அறையில் பூவும் ஊதுவத்தியும் மணத்தன. மானிட்டர் தலையில் ஒரு மல்லிகைச் சரம். பெட்டிக்கு மூன்று திருநீற்றுக் கோடு, பிரிண்டருக்குச் சந்தனம், குங்குமம். சரஸ்வதி படத்தின் முன்னால் புத்தகங்கள், ஒரு பிளேட், ராஜி அக்காவின் மூக்குக்கண்ணாடி.

மெஷினை நிறுத்திப் போட்டேன். பட்டியல் வந்தது. 2-ஐ அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அமுக்கினேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மெஷின் தன்பாட்டுக்கு விண்டோஸைத் திறந்தது. விண்டோஸுக்கு ஒரு குறையும் இல்லை. முரளி மவுஸை வைத்து வரைந்து கொண்டிருந்த கோயில் யானை அப்படியே இருந்தது. தமிழ்ப் பக்கம் மட்டும் இல்லை. நான்தான் அதை ஒளித்து வைத்திருந்தேன், எனக்குத் தெரியும். ஆனாலும் பதற்றத்தில் பார்க்கும்போது, ஒளிந்திருப்பதும் காணாமல் போனதும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

"நேத்து மெஷினை யாராவது தொட்டீங்களா?" என்று கேட்டேன்.

மூவரும் ஒரே குரலில், "யாரும் தொடல!"

"ஆயுத பூஜை அன்னைக்குத் தொடுவமா தம்பி?" என்றார் ராஜி அக்கா, நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல.

"காப்பி எடுத்து வச்சீங்களா அக்கா?"

"ஃப்ளாப்பில எடுத்து வச்சிருக்கேனே! சாமி முன்னாடி இருக்கு பாருங்க."

எடுத்துப் பார்த்தேன். ஃப்ளாப்பியின் உலோக மூடிமேல் சந்தனம் குழைத்துத் தடவி, நடுவில் வட்டமாகக் குங்குமம். ஓரமெல்லாம் உள்ளே இறங்கிக் காய்ந்திருந்தது.

"அக்கா, இத டிரைவுக்குள்ள போட்டா டிரைவும் போயிடும்."

"நல்லதுக்குத்தான தம்பி வச்சேன்," என்றார் பாவமாக. எனக்குச் சிரிப்பு வந்தது. ஃப்ளாப்பியை மெதுவாகச் சாமி முன்னாலேயே வைத்துவிட்டு, மெஷின் பக்கம் திரும்பினேன். இவ்வளவு பெரிய துப்பைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தவன் நான்.

நம் பாஸுக்குப் போன் போட்டேன். "ரெண்டு சிஸ்டம் போட்ட மெஷினா? அப்பவே தெரியும். டிஸ்கை வைப் பண்ணி அழிச்சிட்டு ஒண்ணு மட்டும் போடு. ஷா ஆலம்ல ஒரு ஃபேக்டரி உனக்காக வெயிட்டிங். மத்தியானத்துக்குள்ள அங்க இருக்கணும்," என்றார். அவரும் இதைப் படிப்பார், பரவாயில்லை. இரண்டு சிஸ்டம் உள்ள மெஷினில் விளக்கு எரியாவிட்டால்கூட இரண்டு சிஸ்டத்தைத்தான் குற்றம் சொல்வார்கள். நீங்களும் இதை நிறையக் கேட்பீர்கள். கேட்டுக் கேட்டு நீங்களே நம்பிவிடும் நாள் வரும். அன்றைக்கு எனக்கு அந்த நாள் வந்திருந்தது.

"அண்ணே, ஒருவேளை திரும்பக் கிடைக்கலன்னா, வேற பிரஸ்ல புதுசா கோர்த்து..." என்று இழுத்தேன்.

மாணிக்கம் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். "கிள்ளான்ல பாதிப் பேரு கல்யாணம் நான் அடிச்ச கார்டுலதான் நடந்துச்சு. எம்மவ கார்டை இன்னொருத்தன் கடையில அடிச்சு எடுத்துட்டு வந்து சம்பந்திகிட்ட நீட்டுறதா? அவர் பின்பக்கம் திருப்பிப் பிரஸ் பேரைப் படிப்பாரு தம்பி. எல்லாரும் படிப்பாங்க."

கீழே அச்சு எந்திரம் மாலை போட்டுக்கொண்டு சும்மா நின்றது.

பையிலிருந்து பழுது பார்க்கும் ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டேன். பட்டியலே கெட்டிருக்கும், அதைத் திரும்ப எழுதினால் தமிழ் வந்துவிடும் என்பது என் கணக்கு. கறுப்புத் திரையில் மூன்று வரி வந்தது. 1 என்றால் டிஸ்கில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக அமைக்கும். 2 என்றால் இருப்பதைச் சரிசெய்யும். 3 என்றால் வெளியேறும்.

2-ஐ அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு முறை. அழுத்தி ஒரு முறை. திரை அசையவில்லை.

"என்னாச்சு?" என்றார் மாணிக்கம் அண்ணன்.

"சரிபண்ண முடியலன்னு அர்த்தம் போலிருக்கு அண்ணே."

"அப்ப ஒண்ணை அமுக்குங்களேன்."

"ஒண்ணு எல்லாத்தையும் அழிச்சிடும்."

"அதான் ஏற்கெனவே போச்சே!" என்றான் முரளி. "அழிச்சிட்டு விண்டோஸ் மட்டும் போடுங்க பாஸ். நான் எப்படியாவது தமிழ் ஃபோன்ட் தேடிப் பிடிக்கிறேன். மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு கடையில விக்கிறாங்களாம். இப்பவே போறேன்."

சாவியைக் கையில் எடுத்துவிட்டான். மாணிக்கம் அண்ணன் என்னைப் பார்த்தார். ராஜி அக்கா சாமி படத்தைப் பார்த்தார். என் விரல் 1-க்கு மேலே இருந்தது. உண்மையைச் சொன்னால், அமுக்குவதுதான் எளிது. அமுக்கிவிட்டால் நான் ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியும். மெஷின் சத்தம் போடும், விளக்கு மினுங்கும், ஷா ஆலத்துக்கும் நேரத்தோடு போய்விடலாம். சும்மா இருப்பவனைத்தான் யாருக்கும் பிடிக்காது.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வைத்த பிறகுதான் பார்த்தேன். என் வலது ஆள்காட்டி விரல் நுனி சிவப்பாக இருந்தது. அடிபட்ட சிவப்பு இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்தால் விரலில் ஒட்டியிருக்குமே, அந்தச் சிவப்பு.

கீபோர்டைப் பார்த்தேன். வந்ததிலிருந்து அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன், ஆனால் அப்போதுதான் பார்த்தேன். நூற்றுக்கு மேற்பட்ட கீகளில் ஒரே ஒரு கீக்கு மட்டும் பொட்டு இருந்தது. சந்தனத்தைத் தடிமனாகக் குழைத்து அப்பி, அதன்மேல் பெரிய குங்குமம். இரண்டாம் எண். நான் அந்தப் பொட்டைக் குறி வைத்தே இவ்வளவு நேரமும் அமுக்கியிருக்கிறேன். அது பட்டியலிலும் வேலை செய்யவில்லை, என் ஃப்ளாப்பியிலும் வேலை செய்யவில்லை. இரண்டு இடத்திலும் பொதுவாக இருந்தது டிஸ்க் இல்லை, அந்தக் கீ.

கேள்வியை மாற்றினேன். "அக்கா, யார் தொட்டாங்கன்னு கேக்கல. நேத்து காலையிலேருந்து இந்த ரூம்ல என்னென்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"என்ன நடந்துச்சு? பூஜை நடந்துச்சு. ஈரத்துணி வச்சு எல்லாத்தையும் சுத்தமாத் தொடச்சேன். பன்னீர் தெளிச்சேன். சந்தனம் கொழச்சு வச்சேன்."

"கீபோர்டையும் தொடச்சீங்களா?"

"பின்ன? அழுக்கோடயா பூஜை பண்ணுவாங்க? குளிப்பாட்டாத கொறதான்."

"ரெண்டுக்கு மட்டும் ஏன் பொட்டு?"

ராஜி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்கதான் தமிழை ரெண்டாவது ஆக்கிட்டீங்களே! விண்டோஸுக்கு மொத எடம் குடுத்தாச்சு. பொட்டாவது நம்ம தமிழுக்கு இருக்கட்டும்னு வச்சேன்."

முரளி வாய்விட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. 3-ஐ அமுக்கினேன், வெளியே வந்தது. ஃப்ளாப்பியை எடுத்துவிட்டு மெஷினை மறுபடியும் போட்டேன். பட்டியல் வந்தது. கீபோர்டின் வலது ஓரத்தில் கணக்குப் போடுவதற்கென்று எண்கள் தனியாக ஒரு கட்டமாக இருக்குமே, அங்கேயும் ஒரு 2 உண்டு. பொட்டு இல்லாத 2. அதை அமுக்கினேன்.

திரை ஒரு மூச்சு இருண்டது. பிறகு ராஜி அக்காவின் புரோகிராம் மெதுவாக வரி வரியாகத் திறந்தது. அவர் எழுந்து வந்து என்னைத் தள்ளாத குறையாக நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். பிள்ளையார், அதற்குக் கீழே மணமக்கள் பெயர்கள், அதற்குக் கீழே ஈப்போ சம்பந்தியின் பெயர். எல்லாம் எழுத்துப் பிசகாமல் இருந்தது.

மாணிக்கம் அண்ணன் திரையில் மகளின் பெயரைக் கையால் ஒருமுறை தொட்டார். பிறகு மாடிப்படியில் இறங்கி ஓடிய ஓட்டம் இருக்கிறதே! "மெஷினை ஓட்டுறா! பிளேட் வருது!" என்ற குரல் சந்து வரைக்கும் கேட்டிருக்கும்.

"பூஜை பண்ணது தப்பாய்டுச்சா தம்பி?" என்று ராஜி அக்கா மெல்லக் கேட்டார். கண் கலங்கியிருந்தது.

"பூஜை சரிதான் அக்கா. பொட்டுதான் கொஞ்சம் ஈரம்."

ஸ்க்ரூ டிரைவரால் கீயைக் கழற்றிக் காட்டினேன். அடியில் சந்தனம் இறங்கி, கோயிலில் கல்லில் காய்ந்திருக்குமே, அப்படிக் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. சுரண்டச் சுரண்ட மணத்தது. நான் எத்தனையோ மெஷின்களைத் திறந்திருக்கிறேன். கரப்பான் பூச்சி, பிஸ்கட் தூள், ஒரு தடவை பல்லிக் குஞ்சு. மணத்த பழுது அது ஒன்றுதான்.

ஷா ஆலம் தொழிற்சாலைக்கு நான் தாமதமாகத்தான் போனேன். சம்பந்தி வீட்டாரைப் பார்க்காமல் மாணிக்கம் அண்ணன் என்னைப் போகவிடவில்லை. அவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். பத்திரிகைகள் மை காய்ந்தும் காயாமலும் மேசையில் பரப்பிக் கிடந்தன. முரளியும் நானும் மடித்துக்கொண்டிருந்தோம். மாணிக்கம் அண்ணன் முதல் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ, ராஜி அக்கா மாடியிலிருந்து, "அண்ணே, அந்தக் கையோட மேல வராதீங்க! கழுவிட்டு வாங்க!" என்று கத்தினார்.

சம்பந்தி ஈப்போவில் லோரி ஓட்டும் கம்பெனி வைத்திருப்பவர். பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே படிப்பதற்கு முன் பின்பக்கம் திருப்பினார். அச்சகத்தின் பெயரைப் படித்தார். தலையை ஆட்டிக்கொண்டே, "சொந்தக் கையால அடிச்ச பத்திரிக. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். மாணிக்கம் அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக மழை பெய்தாலும் இன்னொரு தடவை ஃபெடரல் ஹைவேயில் போகலாம்.

ஏன் எல்லோர் முகமும் இப்படி இருக்கிறது என்று சம்பந்தி கேட்க, முரளி கதையை ஒன்று விடாமல் சொன்னான். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "இது பரவால்ல. என் டிரைவர் பக்தியில லோரிக் கண்ணாடி முழுக்கத் திருநீறு பூசிட்டான். இன்னைக்குக் காலையில வாசல்ல பார்க்கிங்ல நின்ன என் காரையே இடிச்சிட்டான். கேட்டா, 'பாஸ், வண்டியை நேத்திலேருந்து நான் தொடவே இல்ல'ங்கறான்!"

அந்த அறையே அதிர்ந்தது. அழுத முகத்தோடு மாடியிலிருந்து எட்டிப் பார்த்த ராஜி அக்காகூடச் சிரித்துவிட்டார்.

தம்பிகளே, நான் அன்றைக்குப் பிறகு எந்த வாடிக்கையாளரிடமும் "தொட்டீங்களா?" என்று கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு ஒருவரும் பொய் சொல்வதில்லை. ஆனால் அவரவருக்குத் தொடுவது என்றால் என்ன என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். ராஜி அக்காவுக்குப் பூஜை செய்வது தொடுவது இல்லை. நேற்றிலிருந்து என்ன நடந்தது என்று கேளுங்கள். பூஜை, பிறந்தநாள், ஒட்டடை அடித்தது, பிள்ளை அழுதது எல்லாவற்றையும் சொல்லவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள்.

அதைவிட எனக்கு உறைத்தது வேறு. அன்றைக்கு நம் கடையிலிருந்து ஒரு சீன நண்பரை அனுப்பியிருந்தால், மாடி ஏறியதும் "இந்தச் சிவப்பு என்ன?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை. குங்குமம் வைத்த மெஷின் எனக்கு எங்கள் வீட்டுத் தையல் மெஷின் மாதிரி. பார்த்துப் பழகியது கண்ணில் படாது. நீங்கள் போகிற இடமெல்லாம் நம் ஆட்கள், நம் பேச்சு, நம் பழக்கம் என்றால் சந்தோஷப்படுங்கள், தே குடியுங்கள், ஆனால் வேலையைத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் அந்த அறைக்கு அன்னியராக இருந்து பாருங்கள். அமுக்கினால் எதையும் திரும்பப் பெற முடியாத ஒரு கீக்கு மேலே விரல் வந்துவிட்டால், கையை எடுத்து மடியில் வையுங்கள். விரலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மெஷினில் இன்னும் இரண்டு சிஸ்டமும் இருக்கின்றன. மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு முரளி என்னிடம் வந்து, "பாஸ், தமிழை ஒண்ணாவது ஆக்கிடுங்க. நான் தே குடிச்சிட்டு வந்து ஒரு தட்டு தட்டிக்கறேன்," என்றான். மாற்ற உட்கார்ந்தேன். ராஜி அக்கா தடுத்துவிட்டார். "வேணாம் தம்பி. ரெண்டே இருக்கட்டும். கை பழகிடுச்சு." அன்று என் தேநீரில் இரண்டு பங்கு சர்க்கரை.

புது கீபோர்டு கொண்டுபோய் மாற்றினேன். அடுத்த ஆயுத பூஜைக்கு முதல்நாள் அவரே போன் செய்து, "பொட்டு எங்க வைக்கலாம் தம்பி?" என்று கேட்டார். பெட்டியின் வெளிப்பக்கம், காய்ந்த கையால் என்று சொல்லி வைத்தேன். சரி சரி என்றார்.

அடுத்த வாரம் கிள்ளான் சுற்று உங்களில் ஒருவருக்கு வரும். மாடி ஏறிப் பாருங்கள். பெட்டியில் திருநீறு இருக்கும். கீபோர்டு பளிச்சென்று இருக்கும், ஆனால் இரண்டாம் எண்ணின் மேல் ஒரு அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். நான்கு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, நான் சோதித்துவிட்டேன். துடைக்கிறேன் பேர்வழி என்று அதைப் பிய்த்துவிடாதீர்கள். தமிழ் அங்கேதான் திறக்கும்.